கோளாறு அங்குலம், பில் முழம்

உப்புக்காற்றும் இரண்டு மழைக்காலங்களும் கார்களின் நரம்புகளை அரிக்கும் நகரம் திருவனந்தபுரம். இங்கே ஒயரிங் கோளாறு என்றால் பல ஆயிரம் ரூபாய்ச் செலவு என்று அர்த்தமில்லை. தேடத் தெரிந்தால் போதும்.

மழை கொட்டும்போது அவை வருவதில்லை. மழை விட்டு, வெயில் இரண்டு நாள் காய்ந்த பிறகே வருகின்றன. முகப்பு விளக்கு மினுக்கும் கார்கள், இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டும் கார்கள், சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு அடங்கிவிடும் கார்கள். திருவனந்தபுரத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன்களின் தொழிலுக்குப் பருவம் உண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. இரண்டையும் முழுதாக வாங்கிக்கொள்ளும் தலைநகரம் இது. போதாக்குறைக்கு சங்குமுகத்திலிருந்தும் வலியதுறையிலிருந்தும் வீசும் உப்புக்காற்று.

செம்பின் எதிரி இந்தக் கூட்டணிதான். ஒயரின் முனையிலும், இரண்டு ஒயர்களை இணைக்கும் கப்ளருக்குள்ளும் ஈரம் இறங்குகிறது. உப்பு அதற்குத் துணை போகிறது. சில மாதங்களில் பச்சை நிறத்தில் ஒரு பூச்சு. பித்தளைக் குத்துவிளக்கில் படிவதும் இதுதான். தமிழில் களிம்பு, மலையாளத்தில் கிளாவு. விளக்கில் படிந்தால் புளி போட்டுத் தேய்த்துவிடலாம். காருக்குள் படிந்தால் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை.

அந்தத் தேடலில்தான் கார்க்காரரின் பணம் கரைகிறது. கம்பெனி சர்வீஸ் மையங்கள் இயங்கும் விதம் அப்படி. அங்கே நேரம்தான் விலை உயர்ந்த சரக்கு. ஒரு மெக்கானிக் அரை நாள் உட்கார்ந்து ஒரு கப்ளரைத் தேடுவதைவிட, சந்தேகத்துக்குரிய பாகத்தையோ, மொத்த ஒயரிங் கட்டையோ மாற்றிவிடுவது அவர்களுக்கு எளிது. உத்தரவாதமும் தர முடியும். ஆனால் களிம்பு பிடித்த ஒரு முனையைச் சுரண்டினால் தீர்ந்திருக்கும் கோளாறுக்கு, புது ஹார்னெஸ், அதற்காக டேஷ்போர்டைக் கழற்றி மாட்டும் கூலி, வரி என்று பில் நீள்கிறது. கோளாறு அங்குலம், பில் முழம்.

உயிரும் ஊசலாடுகிறது

பணம் மட்டும்தான் பிரச்னை என்றால் இதைச் சலிப்போடு விட்டுவிடலாம். 2023 பிப்ரவரி 2ஆம் தேதி கண்ணூரில் நடந்தது அப்படி விடக்கூடியதல்ல. பிரசவத்துக்காக மருத்துவமனைக்குச் சென்றுகொண்டிருந்த கார் நடுச்சாலையில் தீப்பிடித்தது. பின்னிருக்கையில் இருந்தவர்கள் தப்பினார்கள். முன்னிருக்கையில் இருந்த கர்ப்பிணியும் அவருடைய கணவரும் கதவைத் திறக்க முடியாமல் கருகி இறந்தார்கள். முதற்கட்ட ஆய்வில் மின்சுற்றில் ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட் மீதே சந்தேகம் விழுந்தது. அதே ஆண்டு மாநில அரசு வாகனத் தீ விபத்துகளை ஆராயத் தொழில்நுட்பக் குழு ஒன்றை அறிவித்தது. தீக்குக் காரணம் ஒயரிங் மட்டுமல்ல. எரிபொருள் குழாயைத் துளைக்கும் சிறு வண்டுகள் பற்றிய பேச்சும் கேரளத்தில் எழுந்தது. ஆனாலும் வெளியில் பொருத்திய ஸ்டீரியோ, கேமரா, கூடுதல் விளக்கு ஆகியவற்றுக்காக அறுத்து ஒட்டப்பட்ட ஒயர்கள் மீதான பயம் அன்றிலிருந்து அதிகமாயிற்று.

இந்தப் பயம் நியாயமானது. கார் பேட்டரி வெறும் 12 வோல்ட்தான். தொட்டால் ஷாக் அடிக்காது. அதனாலேயே பலர் அதை விளையாட்டாக நினைக்கிறார்கள். ஆனால் ஷார்ட் ஆனால் அது நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தைக் கக்கும். மெல்லிய ஒயர் நொடிகளில் பழுக்கும். அதைத் தடுக்கத்தான் ஃப்யூஸ். ஃப்யூஸ் பாதுகாப்பது விளக்கையோ ஸ்டீரியோவையோ அல்ல, ஒயரை. 15 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று 30 ஆம்பியர் ஃப்யூஸைச் செருகுபவரும், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் சொருகுபவரும் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத திருடன்

ஒயரிங் கோளாறுகளில் பெரும்பாலானவை மூன்று வகை. ஒயர் அறுந்திருக்கும், அல்லது போகக்கூடாத இடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது இணைப்பில் தடை இருக்கும். முதல் இரண்டும் ஓரளவு வெளிப்படையானவை. விளக்கு எரியவே எரியாது, இல்லாவிட்டால் ஃப்யூஸ் போய்க்கொண்டே இருக்கும். மூன்றாவதுதான் திருடன். விளக்கு எரியும், மங்கலாக எரியும். செல்ஃப் சுற்றும், சோம்பலாகச் சுற்றும். பேட்டரியை மாற்றுவார்கள், பிறகு செல்ஃப் மோட்டாரை மாற்றுவார்கள். சோம்பல் போகாது.

கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். முகப்பு விளக்கின் 60 வாட்ஸ் பல்பு சுமார் 5 ஆம்பியர் இழுக்கிறது. அதன் எர்த் முனையில் களிம்பு படிந்து அரை ஓம் தடை ஏற்பட்டால், 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். பல்புக்கு மிஞ்சுவது பத்துதான். ஒளியோ ஏறக்குறைய பாதியாகிவிடும். செல்ஃப் மோட்டாரின் கதை இன்னும் மோசம். அது 150 ஆம்பியர் இழுக்கிறது என்றால், பேட்டரி கேபிளில் ஒரு ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் காணாமல் போகும்.

நூற்றில் ஒரு பங்கு ஓமைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்க முடியாது. ஒயரைக் கழற்றி மீட்டரை வைத்தால் 'சரியாக இருக்கிறது' என்றே காட்டும். கைதேர்ந்தவர்கள் இங்கேதான் வேறு வழியில் போகிறார்கள். ஒயரைக் கழற்றுவதில்லை, வேலை செய்யும்போதே பிடிக்கிறார்கள். மீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரியின் நெகடிவ் கம்பத்திலும், மறு முனையை எஞ்சினின் உலோகத்திலும் வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்கிறார்கள். எர்த் நன்றாக இருந்தால் மீட்டர் 0.2 வோல்ட் அளவைத் தாண்டாது. அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் திருடன் அந்த இரண்டு முனைகளுக்கு நடுவே இருக்கிறான். எர்த் கேபிளைக் கழற்றி, முனையையும் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் வேலை முடிந்தது. செலவு, தேநீர்க் காசு.

கடற்கரை ஊரில் இந்த ஒரு சோதனையை முதலில் செய்துவிட்டு மற்றதைப் பார்ப்பது நல்லது. காரில் விளக்கு, மோட்டார், கணினி எதுவானாலும் மின்சாரம் திரும்பி வரும் பாதை வண்டியின் உடல்தான். அந்தப் பாதை கெட்டால், மின்சாரம் வேறு விளக்கின் வழியாகக் குறுக்குவழி தேடும். இண்டிகேட்டரோடு பிரேக் விளக்கும் சிமிட்டுவது பெரும்பாலும் அதனால்தான்.

வளைகுடாவிலிருந்து வந்தவரின் பேட்டரி

திருவனந்தபுரத்துக்கென்றே ஒரு கோளாறு உண்டு. வளைகுடா நாட்டில் வேலை. ஊரில் வீடு, வாசலில் கார். விடுமுறைக்கு வந்து சாவியைத் திருப்பினால் கார் செத்துக்கிடக்கும். புது பேட்டரி போடுவார்கள். அடுத்த விடுமுறையில் அதுவும் செத்துக்கிடக்கும். ஒயரிங்கில் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று முடிவாகும். கசிவைத் தேடக் காரைப் பிரித்துப் போடுவார்கள்.

பல கார்களில் கசிவே கிடையாது. இன்றைய கார் பூட்டிய பிறகும் முழுதாகத் தூங்குவதில்லை. அலாரம், பூட்டு, கடிகாரம், கணினிகளின் நினைவு ஆகியவற்றுக்காக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மாதத்தில் வறண்டுவிடும். ஆறு மாதம் நிற்கும் காருக்கு மருந்து புது பேட்டரி அல்ல. ஊருக்குக் கிளம்பும்போது நெகடிவ் முனையைக் கழற்றி வைப்பதுதான். அதற்குமுன் ரேடியோவுக்கு ரகசிய எண் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்கு நாளில் பேட்டரி இறங்கினால் அது உண்மையான கசிவு. அரை ஆம்பியர் கசிந்தால் நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி போகும். இதைப் பிடிக்க மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து நெகடிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் இடையே தொடுக்க வேண்டும். கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருப்பது அவசியம். கணினிகள் ஒவ்வொன்றாகத் தூங்க அவ்வளவு நேரம் ஆகும். பொறுமையில்லாதவர்கள் ஐந்தாம் நிமிடமே மீட்டரைப் பார்த்துப் பதறுகிறார்கள். பிறகு ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது மீட்டர் சட்டென்று இறங்குகிறதோ, அந்தப் பாதையில் இருக்கிறது கசிவு. மீட்டர் தொடுத்திருக்கும்போது செல்ஃப் அடிக்கக்கூடாது. அடித்தால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

மைனஸ் 40 டிகிரி கேரளம்

அம்பாசடர் காலத்தில் மொத்தக் காரின் ஒயரிங்கையும் ஒரு தாளில் வரைந்துவிடலாம். ஒரு பல்பையும் இரண்டு ஒயரையும் வைத்துச் செய்த டெஸ்ட் லாம்ப் ஒன்றே போதும். இன்று நிலைமை வேறு. ஒரு கண்ணாடியை இறக்கும் உத்தரவுகூட ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் போகிறது. பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற முறையில், முறுக்கிய இரண்டு ஒயர்களின் வழியே எல்லாக் கணினிகளும் பேசிக்கொள்கின்றன. பழைய டெஸ்ட் லாம்பை இந்த மெல்லிய ஒயர்களில் வைத்தால் அது இழுக்கும் மின்சாரத்தில் கணினியே பாழாகலாம்.

ஆனால் கணினி வந்ததால் தெருவோரத் தொழிலாளியின் கதை முடிந்துவிடவில்லை. சொல்லப்போனால், கார் தன் நோயைத் தானே சொல்ல ஆரம்பித்திருக்கிறது. பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின்கீழ் 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2 என்ற சுயபரிசோதனை முறை இந்தியக் கார்களில் கட்டாயமானது. ஸ்டீரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் ஒரு சிறிய கருவியைச் செருகினால், கோளாறு எண் கைப்பேசித் திரையில் வந்துவிடும். ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே இந்தக் கருவி கிடைக்கிறது.

சிக்கல், எண்ணைப் படிப்பதில் இல்லை. அதை நம்புவதில் இருக்கிறது. உதாரணமாக பி0118 என்ற எண். எஞ்சின் குளிர்நீர் வெப்ப சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்பது அதன் பொருள். அவசரக்காரர் சென்சாரை மாற்றுவார். திரையில் எஞ்சின் வெப்பத்தைப் பார்ப்பவரோ சிரித்துவிடுவார். மேடம் மாதத்து வெயிலில் நிற்கும் காரில் மைனஸ் 40 டிகிரி! இரண்டு ஒயர் கொண்ட இந்த வகை சென்சாரின் பாதை அறுந்தால் கணினிக்கு அப்படித்தான் தெரியும். கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் விடை கிடைக்கும். வெப்ப எண் சட்டென்று உச்சிக்கு ஏறினால் ஒயரிங் சரி, சென்சார்தான் கெட்டது. எண் அசையாமல் நின்றால் சென்சார் நிரபராதி. ஒயரையோ கப்ளரையோ தேட வேண்டும்.

கேன் ஒயர்களுக்கும் எளிய சோதனை இருக்கிறது. அந்தப் பாதையின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை வைக்கப்பட்டிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பரிசோதனை சாக்கெட்டின் 6, 14 ஆகிய முனைகளுக்கு இடையே அளந்தால் பெரும்பாலான கார்களில் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு ஒயரும் ஒன்றையொன்று தொடுகின்றன. 'கணினி போய்விட்டது' என்று கேட்டவுடன் பர்ஸை எடுக்காமல் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யச் சொல்வது கார்க்காரரின் உரிமை.

வெள்ளமும் எலியும்

2023 அக்டோபர் நடுவில் பெய்த பெருமழையில் கழக்கூட்டமும் டெக்னோபார்க் சுற்றுப்புறமும் நீரில் மிதந்தன. இப்படி மூழ்கி எழும் கார்களின் கதை, காய்ந்ததும் முடிவதில்லை. இருக்கைகளுக்கும் கம்பளத்துக்கும் கீழே ஓடும் ஒயர்க்கட்டுகளில் ஈரம் தங்கிவிடுகிறது. ஒயரின் உறைக்குள்ளேயே நீர் ஊர்ந்து, தண்ணீர் படாத இடத்திலும் களிம்பை வளர்க்கும். மூழ்கிய காரில் சாவியைத் திருப்பாமல், முதலில் பேட்டரியைக் கழற்றுவதே நல்லது. பிறகு கம்பளத்தைத் தூக்கி, கப்ளர்களைத் திறந்து, மின்சாரம் கடத்தாத கான்டாக்ட் கிளீனரால் கழுவிக் காயவிட வேண்டும்.

இன்னொரு விரோதி எலி. எஞ்சின் சூட்டுக்காக இரவில் பானெட்டுக்குள் ஏறும் எலிக்கு ஒயரின் உறை பல் தீட்டும் கல். புகையிலைப் பொட்டலம், நாப்தலின் உருண்டை என்று ஆளுக்கொரு வைத்தியம் இருக்கிறது. எதற்கும் நிச்சயமில்லை. வெட்டுப்பட்ட ஒயரை மட்டும் அதே தடிமனுள்ள ஒயரால் இணைத்து, லக் வைத்து அழுத்தி, சூடாக்கினால் சுருங்கும் உறையை மாட்டினால் ஹார்னெஸை மாற்ற வேண்டியதில்லை. ஒயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றுவது மட்டும் கூடாது. எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை இளகி, ஒரு வருடத்தில் தானே கழன்றுவிடும்.

சட்டம் யார் பக்கம்?

வெளியில் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்ற மிரட்டலுக்குப் பலர் பயப்படுகிறார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் தந்த தீர்ப்பு இதில் முக்கியமானது. உதிரி பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது, தவறான பழுதுபார்ப்பால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்களின் மனுக்களில் விதிமீறலை உறுதி செய்து, அபராதத்தை மட்டும் குறைத்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென ஒரு குழுவை அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. மோட்டார் வாகனமும் அதில் ஒரு பிரிவு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இலேயே வாக்களித்து இந்த உரிமையைப் பெற்றார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் பழுதுபார்ப்புத் தகவலை வெளி மெக்கானிக்குகளுக்குத் தரச் சட்டம் வகுத்திருக்கிறது. இங்கே ஒயரிங் வரைபடம் இன்னும் பெரும்பாலும் கைக்குக் கை மாறும் நகல்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வாகனத்தைத் தயாரிப்பாளரின் அசல் அமைப்பிலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 100 வாட்ஸ் பல்பு போடுவதும், ஒயரை வெட்டி விளக்கு மாலை தொங்கவிடுவதும் பழுதுபார்ப்பு அல்ல. அப்படிப்பட்ட கார் தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கேள்வி கேட்கும்.

கை வைக்கக்கூடாத இடங்களும் இருக்கின்றன. மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் ஏர்பேக்கினுடையவை. அவற்றில் மீட்டரை வைத்தாலே பை வெடிக்கலாம். ஹைப்ரிட், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற கேபிள்களில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட். அங்கே தவறுக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. இவை பயிற்சி பெற்றவர்களின் வேலை.

வண்டியை விடும் முன்

1. பேட்டரியை அளக்கவும். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12 என்றால் ஏறக்குறையக் காலி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். கணினியே சார்ஜைக் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இது ஏறி இறங்கலாம்.

2. பேட்டரி முனைகளும் எர்த் கேபிளும் இறுக்கமாக, சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்க்கவும்.

3. ஃப்யூஸைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யவேண்டாம். அளந்து பார்க்கவும். மாற்றினால் அதே நிறம்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

4. ரிலே மீது சந்தேகமா? பக்கத்தில் அதே எண்ணுள்ள ரிலேயை மாற்றிச் செருகிப் பார்க்கவும்.

5. கோளாறு எப்போது வருகிறது என்று எழுதி வைக்கவும். மழையிலா, சூட்டிலா, குழியில் இறங்கும்போதா? பாதி நோய் அதில் தெரிந்துவிடும்.

6. எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், அது கெட்டது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது எனக் கேட்கவும். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கவும்.

ஆறாவது அறிவுரைதான் பணத்தை அதிகம் மிச்சப்படுத்தும். கம்பெனி மையமானாலும் கரமனை சாலையோரத்து ஒற்றை அறை வர்க்‌ஷாப்பானாலும் நல்ல எலக்ட்ரீஷியனுக்கு அடையாளம் ஒன்றுதான்: அளந்து பார்த்துவிட்டுப் பேசுவார். ஊகத்தில் பாகத்தை மாற்றுபவர் இரண்டு இடங்களிலும் உண்டு.

நகரத்தின் ஒரு கோடியில், 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கில், உலக நிறுவனங்களுக்காகக் கார் மென்பொருள் எழுதுகிறார்கள். மறு கோடியில், பாப்பனங்கோட்டில், அரசுப் பேருந்துக் கழகத்தின் மத்தியப் பணிமனை. அங்கே சுற்றுவட்டாரம் முழுவதும் கையால் தொழில் கற்ற பழக்கம். இரண்டுக்கும் நடுவே நிற்கிறது இன்றைய கார். ஐடிஐக்களில் வாகன மின்னணுப் பாடம் வந்துவிட்டது, கருவியும் மலிந்துவிட்டது. இனி கதவைத் திறக்க வேண்டியவர்கள் ஒயரிங் வரைபடத்தைப் பூட்டி வைத்திருப்பவர்கள். அதுவரை, சில நூறு ரூபாய் மல்டிமீட்டரும் அவசரப்படாத ஒரு ஜோடிக் கைகளும்தான் கார்க்காரரின் சிக்கனமான இன்ஷூரன்ஸ்.